அந்த முக்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை நாலே முக்காலுக்கு, மட்டாஞ்சேரி சுமட்டுக்காரர் வீட்டை, அதாவது மூட்டை தூக்கியவர்களுக்கான அந்தச் சிறிய அருங்காட்சியகத்தை, இப்போது நடத்துகிறவர்களில் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியை. மற்றவர் வங்கியில் வேலை பார்ப்பவர். நல்லவர்கள்தாம். சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய ஓட்டு வீட்டைத் திறந்துவைத்து, வருவோர் போவோருக்கு விளக்கம் சொல்கிறவர்கள் வேறு எப்படி இருக்க முடியும்? நானும் ஒன்பது வருடம் அப்படி இருந்தவன்.

"சார், பழைய பதிவேட்டிலே ஒரு முக்காலி இருக்கு. பொருள்தான் இல்லை. அளவெல்லாம் நீங்களே அங்குலம் பிசகாம எழுதி வச்சிருக்கீங்க. ஒரு ஆசாரியைப் பிடிச்சு அதே மாதிரி ஒண்ணு செஞ்சிடலாம்னு இருக்கோம்" என்றார் ஆசிரியை.

"எதுக்கு?"

"பெண் தொழிலாளிங்க இளைப்பாறின முக்காலின்னு போட்டிருக்கே. வர்றவங்க அதிலே உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம் இல்லையா?"

நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். காப்பி கலந்துகொண்டிருந்த என் மனைவி டம்ளருடன் வந்தபோது அவர்கள் தெருவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தேழு வயதில் அப்படி நடந்துகொண்டது தவறு. அடுத்த வாரம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபம் எதுவும் காட்டாமல், ஆண்டு மலருக்கு என்னுடைய 'இனிய நினைவுகளை' இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. இனிமையாகவும் இராது. எழுதுமுன் களமசேரிக்குப் போய், அந்த முக்காலியை எங்களுக்குக் கொண்டுவந்து தந்தவளும், இப்போது தன் மகள் வீட்டில் இருப்பவளுமான மாடத்தியிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோங்க. ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டாண்டாம்" என்றாள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனிக்கு டாலி கிளார்க்காக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணுவது வேலை. கரையில் நான் ஒருவன் எண்ணுவேன். கப்பல் தட்டில் கப்பல்காரர்களின் ஆள் ஒருவன் எண்ணுவான். ஐந்து மூட்டைக்கு ஒரு கட்டு என்று இருவரும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவோம். முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துவந்தால் மையில் எழுதிக் கையெழுத்திடுவோம். ஒத்துவராத எண்ணிக்கை, கப்பல் புறப்படுமுன், பென்சிலில் இருக்கும்போதே அழிக்கப்படும். ஒருவன் மட்டும் எண்ணியது கணக்கே அல்ல. இதை எனக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் கற்றுக்கொள்ள அந்த வேலையில் எதுவும் இல்லை.

எழுபதுகளின் நடுவில், ஜோசப் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா மூட்டை தூக்கியவர். கடைவீதிச் சாலையோரத்தில், இரண்டு அறையும் ஒரு மச்சும் உள்ள செங்கல் வீட்டில் பதினொரு சுமட்டுக்காரர்கள் முறை வைத்துப் படுத்து எழுந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மாஸ்டரின் அப்பா. வீட்டுக்குச் சொந்தக்காரர் வாரிசு இல்லாமல் இறந்தபோது அதைத் தொழிலாளர் வாசகசாலைக்கு எழுதி வைத்துவிட்டார். வாசகசாலைக்காரர்கள் அதை இடித்துக் கடை கட்டலாம் என்றார்கள். மாஸ்டர் குறுக்கே நின்றார்.

"அரண்மனைக்கு மியூசியம் உண்டு. பெட்டி சுமந்தவனுக்கு ஒரு முறியாவது வேண்டாமோ பிள்ளே?" என்று என்னிடம் கேட்டார். முறி என்றால் அறை; என்னைப் பிள்ளே என்றுதான் கூப்பிடுவார். அவர் தமிழ் பேசினால் பாதி மலையாளமாக இருக்கும்.

நாங்கள் ஐந்து பேர் அந்த வீட்டை நடத்தினோம். பதினொரு முளைகள் அடித்த சுவர், பாய்கள், தலையில் வைக்கும் சும்மாடுகள், மூட்டை இழுக்கும் கொக்கிகள், தூக்குப் பாத்திரங்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்று வரை திறந்திருக்கும்.

மாஸ்டரின் முறையைச் சொல்ல வேண்டும். பொருள் கொண்டுவருகிறவர் படியேறும்போதே அவர் எழுந்துவிடுவார். வந்தவர் உட்காராதவரை அவரும் உட்காரமாட்டார். இது என்ன, எத்தனை வருடப் பழசு என்றெல்லாம் கேட்கமாட்டார். "இது கையிலே இருந்தப்போ எப்படி இருந்தது?" என்பார். அந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் பேசுகிறபடியே நான் எழுதிக்கொள்வேன். பிறகு வாசித்துக் காட்டுவேன். அவர்கள் அதன் கீழே கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள்.

துறைமுக வழக்கத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். கொடுத்தவர் சொன்னதைப் பென்சிலால் எழுத வேண்டும். வேறொருவர் வந்து அதையே சொன்னால் மையில் எழுத வேண்டும். ஒரு வருடத்துக்குள் இரண்டாமவர் கிடைக்காவிட்டால் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, அளவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் முதலில் தயங்கினார். கொக்கி விஷயத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்.

கொக்கி விஷயம் இதுதான். ஒருவர் ஒரு இரும்புக் கொக்கியைக் கொண்டுவந்து, வேலைநிறுத்தத்தில் அடிபட்டு இறந்த தன் மாமாவின் கொக்கி என்று சொல்லி அழுதார். மாஸ்டரும் கண் கலங்கினார். நான் பென்சிலால் எழுதிக்கொண்டு, இரண்டாம் சாட்சி தேடி இரும்புக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கொக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன செவ்வாக்கிழமை நானல்லோ இதை வித்தேன்? மாமா செவ்வாக்கிழமைதான் மரிச்சாரோ?" என்றார். அன்று எல்லாரும் சிரித்தோம். என் விதியை யாரும் பிறகு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அதில் இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மாடத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து இருபதுக்கு வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொச்சங்காடியில் குடியிருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தலையில் சும்மாடு, அதன்மேல் கவிழ்த்து வைத்த ஒரு முக்காலி.

"பண்டகசாலையிலே பழசையெல்லாம் வெளியே வீசுறாங்க. இதை மட்டும் நான் எடுத்துட்டு வந்தேன். இது இங்க இருக்கணும்" என்றாள்.

மாஸ்டர் எழுந்து நின்றார். அவள் தரையில் உட்கார்ந்ததால் அவரும் தரையில் உட்கார்ந்தார். நான் முதலில் அளந்தேன். பலா மரம். உயரம் இரண்டடி ஒன்பது அங்குலம். மேல் பலகை பதினொன்றுக்கு ஒன்பது அங்குலம். பாதி உயரத்தில் கால்களை இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம், நடுவில் தேய்ந்தது. பலகையின் முன் விளிம்பு தேய்ந்து வளைந்தது, பின் விளிம்பு கூர்மை. இவ்வளவும் எழுதினேன்.

"இது கையிலே இருந்தப்போ எப்படி இருந்தது?" என்றார் மாஸ்டர்.

"கையிலே எங்க இருந்தது? காலுக்குக் கீழே இருந்தது. சுக்கும் மொளகும் புடைக்கப் போவோம் நாங்க. சாயந்தரம் மணி அடிச்சா வாசல்லே ஒருத்தி பின்னாலே ஒருத்தி நிக்கணும். இதைப் போட்டு, முன்னாலே மேஸ்திரி சாக்கு விரிச்சிருப்பான். சட்டத்துலே கால் வச்சு ஏறணும். ரெண்டு கையையும் தூக்கணும். குதிக்கணும். மடியிலே, மாருலே மொளகு ஒளிச்சிருந்தா சாக்குலே விழும். விழலேன்னா, சந்தேகம் தீரலேன்னா, இன்னொரு தடவை ஏறுன்னுவான்."

அவள் என் பென்சில் நிற்பதற்காகக் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு ஆறாம் மாசம். மேஸ்திரிகிட்டே சொன்னேன், வயித்திலே ஆள் இருக்குன்னு. வயித்துக்குள்ளே என்ன இருக்குன்னு பாக்கத்தாண்டி இதுன்னான். நின்னவனுங்க எல்லாம் சிரிச்சானுங்க. மூணு தடவை குதிச்சேன். ஒரு மொளகு விழலே. வீட்டுக்குப் போற வழியிலேயே வலி எடுத்துட்டு."

மாஸ்டர் எழுந்து போய்க் கண்ணாடி டம்ளரைக் கழுவி, அவளுக்குச் சாயா ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான் எழுதியதை வாசித்தேன்.

"ஆம்பளைப் பிள்ளைன்னும் எழுதுங்க" என்றாள். எழுதினேன். கைநாட்டு வைத்தாள். பிறகு தாளை உற்றுப் பார்த்து, "என் விரல் கறுப்பா இருக்கு. நான் சொன்னது மங்கலா இருக்கே?" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பென்சிலுக்கும் மைக்கும் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டாம் சாட்சி வந்ததும் மையில் எழுதுவோம் என்று விளக்கினேன்.

"அப்போ நான் சொன்னது?"

"அது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு ஒத்துவரணும்."

"தங்கத்தைக் கேளுங்க" என்றாள். "எனக்கு முன்னாலே குதிச்சவ அவதான்."

மறுநாள் மாலையே தங்கத்தின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய மகன் அதே பண்டகசாலையில் காவலாளி. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு ஒண்ணும் ஓர்மையில்லை சாரே" என்றாள். "மாடத்திக்கு நல்ல ஓர்மையிருக்கே. அது போதாதா?"

போதாது என்றேன். இப்படி ஒரு பதிலை ஒரு மனிதன் சொல்ல முடியும் என்பதே இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இன்னொருத்தி, "குதிக்கிறதா? நாங்க என்ன தவளையா?" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்றாமவள் இறந்துவிட்டிருந்தாள்.

ஒரு வருடம் முடிந்தது. முடிந்த அன்று மாலை, நல்ல ரப்பராக ஒன்றை எடுத்துக்கொண்டு, மாடத்தி சொன்ன பத்தொன்பது வரிகளையும் தாள் கிழியாமல் அழித்தேன். துகள்களை ஊதித் தள்ளினேன். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை. என் விதி சொன்னது. அந்தப் பக்கத்தில் மேலே அளவுகளும், கீழே அவளுடைய கைநாட்டும், நடுவில் ஒரு வெள்ளைப் பகுதியும் மிஞ்சின. அழிக்கும் முன் என் சொந்த நாட்குறிப்பில் அதைப் பெயர்த்து எழுதிக்கொண்டேன். அதை ஒரு புண்ணியம்போல அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் பின் அறைக் கூரை உட்கார்ந்துவிட்டது. உத்தரம் உளுத்துப்போயிருந்தது. பாய்களும் சும்மாடுகளும் நனைந்து நாறின. வாசகசாலைக்காரர்கள் மறுபடி இடிக்கும் பேச்சை எடுத்தார்கள். அப்போதுதான் பண்டகசாலை முதலாளியின் மகன் வந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசுகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு முளையையும் நின்று பார்த்தார். முக்காலிக்கு முன்னால் அவர் முகம் மலர்ந்தது.

"இது எங்க வாசல்ல இருந்ததாச்சே! களைச்சு வர்ற பெண்கள் உட்காரட்டும்னு அப்பா செஞ்சு போட்டது. அம்மா எப்பவும் சொல்வாங்க."

கூரை முழுவதற்கும் மரமும் ஓடும் ஆசாரியும் அனுப்புவதாகச் சொன்னார். முக்காலிக்குப் பக்கத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரி இருந்தால் அம்மா சந்தோஷப்படுவார் என்றும் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். வீட்டில் அவருக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள்.

அவர் போனபின் மாஸ்டர் நனைந்த பாய்களில் ஒன்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"கூரை இல்லாட்டி வீடு இல்லை பிள்ளே. வீடு இல்லாட்டி பதினொண்ணு பேரும் இல்லை."

"மாடத்தி சொன்னது?"

"ரெஜிஸ்டர்லே எங்கே இருக்கு?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "பிள்ளையோட சட்டம்தானே? மகன் ஒரு சாட்சி. அம்மை இன்னொரு சாட்சி. ரெண்டு கணக்கும் ஒத்துவருது. எழுதும்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் என்மேல் இருந்த வெறுப்பு எனக்குத் தெரிந்தது. அவருக்கு உண்மை தெரியும். எனக்கும் தெரியும். அவர் என்னை மறுக்கச் சொல்லித்தான் அப்படிப் பேசினார் என்று பிற்பாடு பலமுறை தோன்றியிருக்கிறது. நான் மறுக்கவில்லை. முதலாளி வீட்டுக்குப் போய், அந்த அம்மாளைக் கண்டு, அவர் சொன்னதைக் கேட்டேன். இரண்டும் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தன. திரும்பி வந்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில், கறுப்பு மையில் எழுதினேன்: பண்டகசாலைப் பெண் தொழிலாளர் இளைப்பாறுவதற்காக முதலாளி செய்து போட்ட முக்காலி. எழுதி முடித்து ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன். அதன் கீழே மாடத்தியின் கைநாட்டு இருந்தது. என் நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு நேரே 'பதிவு முடிந்தது' என்று மட்டும் இருக்கிறது.

கூரை வேலை நாற்பது நாளில் முடிந்தது. திறப்புக்குப் பொருள் கொடுத்த எல்லாரையும் அழைப்பது மாஸ்டரின் வழக்கம். மாடத்தியும் வந்தாள். அவளுக்குப் பின்னால், யாரும் அழைக்காமலே, தங்கமும் வந்திருந்தாள். அறையில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். முதலாளியின் மகன் முன்வரிசையில் இருந்தார்.

மாடத்தி முக்காலிக்கு முன்னால் வந்து நின்று, அந்த வரியை எழுதிப் பக்கத்தில் வைத்திருந்த அட்டையைக் காட்டி, "வாசிங்க சாரே" என்றாள்.

நான் மெதுவாக ஏதோ சொன்னேன்.

"காது கேக்கலே. உரக்க."

வாசித்தேன். எல்லாருக்கும் கேட்டது. மாடத்தி முதலில் சிரித்தாள். பிறகு முதலாளியின் மகனைப் பார்த்து, "நீங்கதானே அவரோட பையன்? வாங்க. உட்கார்ந்து காட்டுங்க" என்றாள்.

அவர் விளையாட்டென்று நினைத்தார். சிரித்துக்கொண்டே வந்து ஏறி உட்கார்ந்தார். ஒன்பது அங்குலப் பலகையில் தொடை நிற்கவில்லை. இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆடின. முக்காலி ஒரு பக்கம் சாய, சுவரைப் பிடித்துக்கொண்டார். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"உங்களுக்கே தரை எட்டலே. நாங்க எல்லாம் உங்களைவிட ஒரு முழம் குள்ளம். இதிலே ஏறி எப்படி இளைப்பாறுவோம்?" என்றாள் மாடத்தி. "சரி, இறங்குங்க."

இறங்க வேறு வழியில்லை. அவர் குதித்தார். பலகைத் தரையில் தொம்மென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பின் யாரும் சிரிக்கவில்லை.

உயரத்தை அளந்தவன் நான். முன் விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டவன் நான். குறுக்குச் சட்டத்தில் பாதங்கள் ஏறிய பள்ளத்தில் அங்குலக்கோலை வைத்துப் பார்த்தவனும் நான். தெருத்தெருவாக இரண்டாம் சாட்சி தேடினேன். அந்த மரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

அப்போது பின்னாலிருந்து தங்கம் பேசினாள். "மூணு தடவை குதிச்சா. நான் எண்ணினேன்."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். "எனக்கு ஒரு தடவைதான். அவளுக்கு மூணு. நான் வாசல்லே நின்னு எண்ணினேன்."

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதத்தான் இத்தனை பக்கம். எனக்குச் சந்தோஷம் வந்தது. இரண்டு தாளும் ஒத்துவந்த கிளார்க்கின் சந்தோஷம். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே போய், "சாட்சி கிடைச்சாச்சு. இப்போ மையிலே எழுதலாம்!" என்றேன்.

மாடத்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டரிடம், "கொடுத்தவங்க கேட்டா திருப்பித் தருவோம்னு அன்னைக்குச் சொன்னீங்க. என் முக்காலியைத் தாங்க" என்றாள்.

நான், "கொஞ்சம் பொறுங்க, இதுக்கு ஒரு முறை இருக்கு" என்று ஆரம்பித்தேன். "மிண்டாதே!" என்று என் வாயை அடைத்தார் மாஸ்டர். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் உரக்கப் பேசியது அந்த ஒரு தடவைதான். அட்டையைப் பிடுங்கிப் பையில் திணித்தார். மாடத்தி சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். சுமை தூக்குகிறவனுக்கு இன்னொருவன் ஏற்றிவிட வேண்டும். மாஸ்டர் தம் கையால் முக்காலியைத் தூக்கி அவள் தலையில் வைத்து, சமநிலை வரும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டார். அவளும் தங்கமும் புதுக் கூரைக்குக் கீழேயிருந்து வெளியேறிக் கடைவீதியில் நடந்தார்கள். முதலாளியின் மகன் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், பதிவேட்டை எடுத்துக்கொண்டு கொச்சங்காடிக்குப் போனேன். பொருளைத் திரும்பப் பெற்றதற்கு அவளுடைய கைநாட்டு வேண்டும். அதையும் செய்து முடிக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு முன்னால் அவள் முக்காலியைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தாள். பலா மரம் லேசில் பிளக்காது. கோடாலி படும்போதெல்லாம் முக்காலி துள்ளி நகர்ந்தது.

"பிடிங்க சாரே" என்றாள்.

பதிவேட்டைத் தரையில் வைத்துவிட்டு ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி வெட்டு விழுந்தது. மூன்று காலும் கழன்றன. பலகை இரண்டாகப் பிளந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தைத் திறந்து, மைப் பெட்டியை அவள் அருகில் தள்ளினேன். தன் பழைய கைநாட்டை அடையாளம் கண்டுகொண்டு, அதன் மேலே இருந்த வரியைத் தொட்டாள்.

"அன்னைக்கு வாசிச்சது இதுதானா?"

"ஆமாம்."

"நான் சொன்னதை அழிச்சீங்களே, இதையும் அழிச்சிருவீங்களா?"

"இது மையிலே எழுதினது. அழியாது."

அவள் அந்த வரியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"அவங்க வீட்டுலே அவங்க சொல்ற பொய்யை அவங்க சொல்லட்டும்" என்றாள். "அதை என் விரலுக்கு மேலே எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

மைப் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டாள். "அப்போ இன்னொருக்கா என் விரலைத் தரமாட்டேன்" என்று சொல்லி, விறகை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.